கொச்சித் துறைமுகமும் அதன் சேறும்

கொச்சி என்றதும் அன்பர்களுக்கு மட்டாஞ்சேரியும் சீன வலைகளும் நினைவுக்கு வரலாம். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது சேறுதான்! அந்த ஊரின் சரித்திரமே சேற்றோடு கலந்தது.

சங்கப் புலவர்கள் பாடிய முசிறி, கொச்சிக்கு வடக்கே பெரியாற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அத்துறையைத் தூர்த்துவிட்டு, கொச்சியில் கடலுக்குப் புது வாசலைத் திறந்தது என்பது சரித்திர ஆசிரியர்கள் பலரின் கருத்து. அந்த வாசல் வழியே 1500இல் போர்த்துகீசியர் வந்தனர். 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் ஊரைப் பிடித்தனர். 1524இல் இங்கே காலமான வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தை இன்றும் காணலாம்.

ஆனால் வாசலுக்கு வெளியே ஒரு மணல் திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் கடலிலேயே நின்று சரக்கை இறக்கின. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அத்திட்டை வெட்டி வழி செய்தார். 1928இல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. காயலில் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதே வில்லிங்டன் தீவு. பாலம் கட்டி அதற்கு ரயிலையும் கொண்டு போனார்கள்.

வேலை அதோடு முடியவில்லை. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்தபடியே இருக்கின்றன. கால்வாயின் ஆழம் குறையாதிருக்கத் தூர்வாரும் கப்பல்கள் தொடர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது.

இதே வண்டலைச் செலவில்லாமல் பிடித்து வைப்பவை அலையாத்தி மரங்கள். அவற்றின் வேர்க்கூட்டம் நீரின் வேகத்தைக் குறைக்கிறது. வண்டல் அங்கேயே படிகிறது. அதில் மீன்குஞ்சுகளும் இறால்களும் வளர்கின்றன. காயலோரச் சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால் இந்த இலவசச் சேவை நின்றுபோகும்.

எறணாகுளம் உயர்நீதிமன்றத்தின் பின்னால், 1902இல் ரயில் வந்து சேர்ந்த பழைய நிலையத்தை ஒட்டி, மங்களவனம் இருக்கிறது. பரப்பு 3 ஹெக்டேர்கூட இல்லை. ஒரு கால்வாய் வழியே காயலின் ஏற்றவற்றம் உள்ளே வந்து போகிறது. நீர்க்காகங்களும் கொக்குகளும் பழந்தின்னி வௌவால்களும் அங்கே குடியிருக்கின்றன. கொச்சிக்குப் போகும் அன்பர்கள் ஒரு காலைப்பொழுதை அதற்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அந்தச் சேற்றைக் காட்டுங்கள்.