கோல்ஃப் மன்றங்களில் உடை விதிகள்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தை ஆட வருவோரும், விருந்தினராக வருவோரும் என்ன உடுத்த வேண்டும் என்பதை அந்தந்த மன்றமே முடிவு செய்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் உள்ள ஆர் அண்ட் ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஆகிய இரு அமைப்புகள் ஆட்டத்தின் பொது விதிகளை வகுக்கின்றன. மட்டையும் பந்தும் எப்படி இருக்க வேண்டும் என்று அவை நுணுக்கமாக வரையறுத்தாலும், இன்ன சட்டைதான் அணிய வேண்டும் என்று சொல்வதில்லை. எனவே சாதாரண உடை ஏற்கப்படுமா என்ற கேள்விக்கு எங்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை.

வழக்கத்தில் உள்ளவை

பல மன்றங்கள் கழுத்துப்பட்டை உள்ள சட்டை, முழுக்காற்சட்டை அல்லது முழங்கால் அளவிலான தைத்த அரைக்காற்சட்டை ஆகியவற்றை ஏற்கின்றன. ஜீன்ஸ், கழுத்துப்பட்டை இல்லாத டி-சர்ட், ரப்பர் செருப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆடுகளத்திற்கு ஒரு விதியும், உணவுக்கூடத்திற்கு அதைவிடக் கடுமையான விதியும் இருப்பதுண்டு. பொதுமக்கள் கட்டணம் செலுத்தி ஆடும் திடல்களில் கட்டுப்பாடு குறைவு.

காரணங்கள்

சில விதிகளுக்கு ஆட்டம் சார்ந்த காரணம் உண்டு. உலோக ஆணி பதித்த காலணிகள் குழியைச் சுற்றியுள்ள மென்மையான புல்பரப்பைக் கிழித்துவிடும். அதனால் பல மன்றங்கள் அவற்றைத் தடை செய்துள்ளன. ஜீன்சுக்கு உள்ள தடைக்கு அப்படிப்பட்ட காரணம் இல்லை. அது பிரித்தானிய மேல்தட்டு மன்றங்களின் பழக்கத்தை ஒட்டி வந்தது. உழைப்பாளிகளின் உடையாகத் தோன்றிய ஜீன்ஸ், அத்தகைய இடங்களில் நெடுங்காலம் மதிப்புக் குறைவாகவே கருதப்பட்டது.

மாற்றங்கள்

அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் 2019 முதல் பயிற்சிச் சுற்றுகளில் ஆண்கள் அரைக்காற்சட்டை அணிய அனுமதித்தது. 2020இல் இங்கிலாந்தின் வென்ட்வொர்த்தில் டிரெல் ஹாட்டன் தலைமூடி கொண்ட ஹூடி அணிந்து ஆடி வென்றபோது, அது தகுமா என்ற விவாதம் எழுந்தது. மாறாக, பெண்களுக்கான எல்.பி.ஜி.ஏ. 2017இல் தன் உடை விதிகளைக் கடுமையாக்கியது.

இந்தியாவில்

உடை விதி, ஆளை விலக்கும் கருவியாகவும் மாறக்கூடும். 2017இல் டெல்லி கோல்ஃப் மன்றத்தில் விருந்தினராக வந்த காசி இனப் பெண் ஒருவர், தம் மரபுடையான ஜைன்செம் அணிந்திருந்ததால் உணவுக்கூடத்தை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டார் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் பேசப்பட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க மன்றத்தில் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வேட்டியோ பிற இந்திய மரபுடையோ அணிந்து வருபவரை மன்றங்கள் உடையைக் காரணம் காட்டித் தடுத்தால், ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம், உரிமத்தையும் நீக்கலாம்.

இச்சட்டம் காப்பது மரபுடையை மட்டுமே. எனவே தமிழ்நாட்டு மன்றம் ஒன்று ஜீன்சையும் டி-சர்ட்டையும் இன்றும் மறுக்கலாம்; வேட்டியை மறுக்க முடியாது. புதிதாகச் செல்வோர் ஆடுகளம், உணவுக்கூடம், காலணி ஆகிய மூன்றுக்கும் உள்ள விதிகளை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.