அப்டேட் வந்த மறுநாள் லெவல் 99-க்கு என்ன மதிப்பு?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஜாஜெக்ஸ் நிறுவனம் நடத்தும் ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இணையத்துக்கு வந்தது. வாள்வீச்சு, மந்திரம், மீன்பிடிப்பு, சமையல், மரம் வெட்டுதல் என்று அதில் ஒவ்வொரு திறனுக்கும் தனி லெவல் உண்டு. 99-ஐ எட்ட, அந்த ஒரு திறனில் மட்டும் 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். யூ என்ற மரத்தின் ஒரு கட்டைக்கு 175 புள்ளி. அந்தக் கட்டைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 74 ஆயிரத்துக்கும் மேல் வெட்டியாக வேண்டும். இன்னொரு கொடுமை, 92-வது லெவலைத் தொட்டவர் பாதி தூரம்தான் வந்திருக்கிறார். கடைசி ஏழு லெவல்கள் முதல் 92 லெவல்களின் உழைப்பை மறுபடி கேட்கும். அத்தனையும் முடித்தவருக்குக் கிடைப்பது, 99,000 நாணயம் கொடுத்து ஒரு மேலங்கி வாங்கிப் போட்டுக்கொள்ளும் உரிமை.

வெளியே நின்று பார்ப்பவருக்கு இது வேலையற்ற வேலை. ஆடுகிறவருக்கு அப்படி இல்லை. பள்ளியில் தொடங்கி வேலைக்குப் போகும் வயதுவரை மாதச் சந்தா கட்டி ஆடியவர்கள் உண்டு. அந்த மேலங்கியைப் பார்த்ததும் ‘இவர் எவ்வளவு காலம் உழைத்திருக்கிறார்’ என்பது மற்ற ஆட்டக்காரர்களுக்குப் புரிந்துவிடும். கேரக்டரின் மதிப்பெல்லாம் அந்தப் புரிதலில்தான் இருக்கிறது. அதனால்தான் நிறுவனம் ஒரு லெவலைக்கூடக் குறைக்காமல், ஒரு வாளைக்கூடப் பறிக்காமல், விதியை மட்டும் மாற்றினாலும் பத்து வருட உழைப்பு கரைந்துபோக முடிகிறது.

ரூன்ஸ்கேப்பில் அது நடந்த நாள் 2012 நவம்பர் 20. ‘எவல்யூஷன் ஆஃப் காம்பாட்’ என்ற அப்டேட் அன்று வந்தது. அதுவரை சண்டை எளிமையானது. எதிரி மீது ஒருமுறை கிளிக் செய்தால் கேரக்டர் தானாக வெட்டிக்கொண்டிருக்கும். எப்போது சாப்பிடுவது, எந்த நொடியில் ஆயுதத்தை மாற்றி அதன் சிறப்புத் தாக்குதலை இறக்குவது என்பதில்தான் ஆட்டக்காரரின் கைவரிசை தெரியும். அன்றிலிருந்து திரையின் அடியில் ஒரு பொத்தான் வரிசையும் அட்ரினலின் பட்டையும் வந்து உட்கார்ந்தன. எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்று புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. ஆயுதங்களின் சிறப்புத் தாக்குதல்கள் போயின. அதற்காகவே பல மாதம் காசு சேர்த்து வாங்கிய ஆயுதம், பெயர் மாறாமல் பெட்டியில் கிடந்தது. செய்த வேலை மட்டும் இல்லை. சண்டை லெவலின் உச்சம் 138-லிருந்து 200 ஆனது. 138 என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும், 200 என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு வருடத்துக்குள் நிறுவனமே 138-க்குத் திரும்பியது, பழைய பாணிச் சண்டைக்கும் ஒரு வழி திறந்தது.

ஜாஜெக்ஸுக்கு இது முதல் பாடமும் அல்ல. விளையாட்டுத் தங்கத்தை வெளியே நிஜக் காசுக்கு விற்பவர்களை ஒழிக்க, 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் தடையற்ற பண்டமாற்றை நிறுத்தியது. ‘வைல்டர்னெஸ்’ பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடுவதையும் நிறுத்தியது. கோபம் மூன்று வருடம் ஓயவில்லை. கடைசியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 12 லட்சம் வாக்குகள் விழுந்தன. 91 சதவீதம் பேர் பழையபடி வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரியில் இரண்டும் திரும்பி வந்தன. இவ்வளவு நடந்த பிறகும், அடுத்த ஆண்டே சண்டை முறையை அடியோடு மாற்றும்போது சோதனைப் பதிப்பு கொடுத்தார்களே ஒழிய, மாற்றலாமா வேண்டாமா என்று வாக்குக் கேட்கவில்லை.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? பொல்லாத்தனம் காரணமல்ல. பழைய ஆட்டக்காரர் புதிய பகுதியை வந்த வேகத்தில் முடித்துவிட்டு ‘அடுத்தது என்ன?’ என்பார். புதிதாக வருபவரோ எட்டு வருட இடைவெளியைப் பார்த்து வாசலிலேயே திரும்பிவிடுவார். முன்னவருக்காக உச்சத்தை உயர்த்த வேண்டும், பின்னவருக்காக ஏணியைக் குட்டையாக்க வேண்டும். இரண்டும் பழைய சாதனையின் மதிப்பைத்தான் அரிக்கும். பிளிசார்ட் நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2007-இல் முதல் விரிவாக்கத்தை வெளியிட்டபோது, நாற்பது பேர் கூடி மாதக்கணக்கில் போராடி வாங்கிய கவசங்களில் பலவற்றை, புதிய பகுதியின் சாதாரணப் பச்சைநிற ஐட்டங்கள் ஓரங்கட்டின. 2014-இல் அதே நிறுவனம் ஒரு கேரக்டரை நேராக 90-வது லெவலுக்கு ஏற்றிவிட 60 டாலர் என்று விலை வைத்தது. அத்தனை மாத உழைப்புக்கு நிறுவனமே விலைச்சீட்டு ஒட்டினால் பழைய ஆட்டக்காரர் மனதில் என்ன ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வலியைச் சிரித்து ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். எதீரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான விட்டாலிக் புடெரின், தன்னைப் பற்றிய குறிப்பில் இதை எழுதியிருக்கிறார்: வார்கிராஃப்டில் தன் மந்திரவாதிக்குப் பிடித்தமான ஒரு மந்திரத்தின் தாக்கும் சக்தியை பிளிசார்ட் நீக்கியது, அழுதபடி தூங்கிப்போனது, எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்று அன்று புரிந்தது, ஆட்டத்தை விட்டது. பாதி வேடிக்கையாகச் சொன்னதாகவே இருக்கட்டும், ஆட்டக்காரர்களுக்கு அது நம்ப முடியாத கதையாகத் தோன்றாது.

இந்தத் துறையில் இன்றும் எச்சரிக்கையாகச் சொல்லப்படும் பெயர் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ். சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் 2003-இல் தொடங்கிய விளையாட்டு. போர்வீரர் மட்டுமல்ல, தையல்காரர், நடனக்காரர், மிருகங்களைப் பழக்குபவர் என்று முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். ஸ்டார் வார்ஸ் கதைகளின் உச்ச வீரரான ஜெடாய் ஆவதற்கு மட்டும் நேர்வழி கிடையாது. ஒவ்வொரு தொழிலாகக் கற்று முடித்து, எது திறவுகோல் என்று தெரியாமலே மாதக்கணக்கில் அலைய வேண்டும். 2005 நவம்பர் 1-இல் புதிய விரிவாக்கத்தை விற்றார்கள். சரியாக இரண்டே வாரத்தில், நவம்பர் 15-இல், விளையாட்டின் அடித்தளத்தையே மாற்றினார்கள். தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. மிருகம் பழக்கும் தொழில் ஒழிந்தது. ஜெடாய், முதல் நாள் சேரும் எவரும் பட்டியலில் தொட்டு எடுக்கக்கூடிய ஒன்றானது. இருபது மாதச் சீட்டில் பதினெட்டு மாதம் கட்டியவரிடம், இன்று காலை சேர்ந்தவருக்கும் அதே தொகைதான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? விரிவாக்கம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. போனவர்களில் பலர் வரவில்லை. 2011 டிசம்பர் 15-இல் சர்வர்கள் நின்றன. பழைய வடிவத்தை ரசிகர்களே மீட்டெழுதி, சொந்த சர்வர்களில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் ஆட்டக்காரர்கள் தங்கள் லெவல்களைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள்தானா? இல்லை என்பதற்கும் ரூன்ஸ்கேப்பே சாட்சி. சந்தாதாரர்கள் கழன்றுகொள்ளத் தொடங்கியதும், 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த பழைய பதிப்பின் நகல் ஒன்று ஜாஜெக்ஸிடம் கிடைத்தது. திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் வாக்குக் கேட்டார்கள். சுமார் நாலரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். பிப்ரவரி 22 அன்றே ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ திறந்தது. ஆனால் பழைய கேரக்டர்கள் அங்கே இல்லை. பத்து வருடம் ஆடியவரும் பயிற்சித் தீவில் இறங்கி, முதல் இறாலைப் பிடித்து, முதல் மரத்தை வெட்ட வேண்டும். வந்தார்கள். இன்று மூத்த விளையாட்டைவிட இதில்தான் கூட்டம் அதிகம்.

எனக்கு இந்த விவகாரத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். சேர்த்த புள்ளிகள் போனதற்காக அவர்கள் கோபப்படவில்லை. புள்ளிகளைச் சேர்த்த விதி தங்களைக் கேட்காமல் மாறியதற்காகக் கோபப்பட்டார்கள். விதி நிலைக்கும் என்ற உறுதி இருந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்கவும் தயார். அந்த உறுதியை ஓல்டு ஸ்கூல் வாக்குப்பெட்டியில் வைத்தது. பெரிய மாற்றம் எதுவானாலும் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்பது நெடுங்காலம் விதி; 2022-இல் அது 70 ஆனது. 2019-இல் ‘வார்டிங்’ என்ற புதிய திறனுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தும் அதைக் கைவிட்டார்கள். கப்பல் ஓட்டும் திறன் 2015-இல் தோற்றது, 2023-இல் வென்றது, 2025 நவம்பரில் விளையாட்டுக்குள் வந்தது.

வாக்கெடுப்பு இல்லாமலும் மரியாதை காட்ட முடியும். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் 2010-இல் வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டஸி 14 படுதோல்வி. பொறுப்பேற்ற நவோகி யோஷிடா விளையாட்டையே புதிதாகக் கட்ட முடிவு செய்தார். 2012 நவம்பர் 11-இல் பழைய உலகின் மேல் ஒரு நிலவை விழவைத்து, கதைக்குள்ளேயே அதை அழித்தார்கள். 2013 ஆகஸ்டில் புதிய உலகம் திறந்தபோது பழைய கேரக்டர்கள் தங்கள் லெவல்களோடு வந்து சேர்ந்தன. ஐந்து வருடம் காணாமல் போய்த் திரும்பியவர்கள் என்று கதையிலேயே அவர்களுக்கு இடம் இருந்தது. கஷ்டகாலத்தில் மூன்று மாதம் சந்தா கட்டியவர்களுக்கு நிரந்தரக் கட்டணச் சலுகையும் கேரக்டரின் உடலில் ஒரு பச்சைக்குத்து அடையாளமும் கொடுத்தார்கள். கேலக்ஸிஸ் மாற்றியதைவிட இங்கே மாறியது அதிகம். ஆனாலும் பழையவர்களை யாரும் தவறான பாதையில் வந்தவர்களாக நடத்தவில்லை.

வார்கிராஃப்டும் பின்னாளில் இதைக் கற்றுக்கொண்டது. 2020-இல் 120-வது லெவல் கேரக்டர்களை 50-க்கு இறக்கியது. கேட்டால் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் இறங்கினார்கள், எதிரிகளும் சேர்ந்து இறங்கினார்கள், பல மாதம் முன்பே சொல்லியிருந்தார்கள். கேலக்ஸிஸில் நடந்த வெளியேற்றம் இங்கே நடக்கவில்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி விளையாட்டை வெளியிட்டபோது, பழைய கணக்கிலிருந்த ஸ்கின்களையும் மற்றவற்றையும் மாற்றிக்கொள்ள அந்த ஆண்டு இறுதிவரை அவகாசம் கொடுத்தது. துப்பாக்கிக்கு அடித்த பெயின்ட்டைக் கொண்டுவர இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். அந்தப் பெயின்ட்டுக்காகத்தான் பலர் பழைய கணக்கை அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

விசுவாசம் என்று நிறுவனங்கள் கணக்கெடுப்பதில் பாதி விசுவாசமே அல்ல. இவ்வளவு போட்டாகிவிட்டது, இனி எப்படி விடுவது என்ற தயக்கம். மாத அறிக்கையில் இரண்டும் ஒரே சந்தாதான். விதி திடீரென்று மாறும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்: தயங்கி நின்றவருக்கு வெளியேற ஒரு காரணம் கிடைத்துவிடும். தவிர, இத்தகைய விளையாட்டுகளின் உரிம ஒப்பந்தங்கள் கேரக்டரும் ஐட்டங்களும் நிறுவனத்தின் சொத்து என்றே பொதுவாகச் சொல்கின்றன. கோர்ட்டுக்குப் போனாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

ஆகவே நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ ஒரு விளையாட்டில் வருடக்கணக்கில் இருந்தால், அடுத்த அப்டேட் அறிவிப்பில் புதிதாக என்ன வருகிறது என்பதை அப்புறம் பாருங்கள். பழையதில் என்ன மாறுகிறது, யாரைக் கேட்டு மாறுகிறது என்பதை முதலில் படியுங்கள். வருட சந்தாவுக்கும் சீசன் பாஸுக்கும் பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.