வளவும் புள்ளியும்: செட்டிநாட்டு வீடுகளின் மரபுப் பெறுமானம்

காரைக்குடியைச் சுற்றிச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில், நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரும்பாலும் 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழுப்பிய வீடுகள் என்றதும், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் ஆகிய இடங்களில் ‘கொண்டுவிற்று’, அதாவது கடன் கொடுத்தும் வணிகம் செய்தும், ஈட்டிய பணம் இப்பொருள்களாக ஊர் திரும்பியது உண்மையே. ஆயினும் இவ்வீடுகளின் மரபுப் பெறுமானம், அதாவது ஒரு சமூகம் வாழ்ந்த முறையைப் பின்வருவோர்க்கு எடுத்துரைக்கும் தகுதி, வீட்டின் கட்டமைப்பிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது.

ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் முடிகிறது. விருந்தினரை வரவேற்கவும் கணக்கு வழக்குப் பார்க்கவும் முகப்பும் திண்ணையும், அதைக் கடந்து உள்ளே நுழைந்தால் வானம் பார்த்த முற்றத்தைத் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் சூழ்ந்திருக்கும் வளவு, பெண்கள் புழங்கவும் பந்தி நடக்கவும் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுக்களையும் கிணறும் என்று கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைவதால், தலைவாசலில் நிற்பவர் பார்வை பின்வாசல்வரை தடையின்றிச் செல்லும்.

வளவின் இருபுறமும் உள்ள அறைகளே இவ்வீட்டின் உயிர்நாடி. மணமான மகனும் மனைவி மக்களும் சேர்ந்த சிறு குடும்பம் ஒரு ‘புள்ளி’ எனக் கணக்கிடப்பட்டது. நகரத்தார் கோயில்களுக்குரிய வரியும் புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு என்றே விதிக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் தனி அறை ஒதுக்கப்பட்டது. அங்கே சீர்வரிசைச் சாமான்களும் விலையுயர்ந்த பொருள்களும் பூட்டிவைக்கப்பட்டன. சமையலும் புள்ளிவாரியாகவே நடந்தது. கூட்டுக் குடும்பம் என்றாலே ஒரே உலை என்னும் பொதுக் கருத்துக்கு மாறாக, ஒரே கூரையின் கீழ்த் தனித்தனி வரவு செலவுடன் வாழ்ந்துகொண்டே, திருமணம், முன்னோர்க்குரிய படைப்பு போன்றவற்றுக்குப் பங்காளிகள் ஒன்றுகூடிய ஏற்பாட்டை இந்த அறை வரிசை கண்முன் நிறுத்துகிறது. குடும்ப அமைப்பைச் சுவரிலும் கதவிலும் இத்தனை தெளிவாக எழுதிவைத்த வீடுகள் தமிழகத்தில் அரிது.

வேலைப்பாட்டின் நுட்பமும் குறைந்ததன்று. சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, நைய அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, இறுதி அடுக்கில் முட்டை வெண்கரு சேர்த்து வழவழப்பாகத் தேய்த்த சுவர் கோடையிலும் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். தரைக்குரிய ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் கண்ணறைகளில் வண்ணம் கலந்த சிமென்ட்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமென்ட்டும் இட்டு நிரப்பி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடியில் படிந்த முகமே பளபளக்கும் மேற்பரப்பாகிறது. இத்தொழில் செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில் இன்றும் நடப்பதால், பழைய தரையைப் பழுதுபார்க்க வெளியூரை நாட வேண்டியதில்லை.

1930-களின் பெருமந்தத்தில், உழவர்களுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தாரின் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், பின்னர் பர்மா மேற்கொண்ட நாட்டுடைமை நடவடிக்கைகளும் அந்தச் சொத்தைப் பறித்தன. வருவாய் நின்றது, பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர், வீடு மட்டும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொதுவாக நின்றது. பலர் ஒப்பாமல் விற்க முடியாது என்பதே பல வீடுகளைக் காத்தது. பலர் சேராமல் ஓடு மாற்றவும் முடியாது என்பதே வேறு பலவற்றை மழைக்கு இரையாக்கியது. ஒப்புதல் கிடைத்த இடங்களில் வீட்டைப் பிரித்து, தூண், நிலை, கதவு என்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்றனர்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அது பரிந்துரைக்கு முந்தைய படிநிலையே. தனியார் வீட்டை இடிப்பதை அது தடுக்காது. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த, நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது; உள்நாட்டு விற்பனைக்கு அத்தகைய தடை இல்லை. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் விடுதிகளாகி உயிர்பிழைத்திருப்பது வரவேற்கத் தக்கது. ஆயினும் பங்காளிகள் படைப்புக்குக் கூடும் வீட்டுக்கு அது ஈடாகாது.

ஆகவே பங்காளிகள் செய்யக்கூடியவை இரண்டுண்டு. புள்ளிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒதுக்கி முதலில் கூரையை ஒழுகாமல் காக்க வேண்டும். விற்றே தீர வேண்டிய நிலை வந்தாலும், எந்த அறை யாருடையது என்பதுவரை வீட்டின் வரைபடத்தைப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். புதுவீட்டுக்குப் பழந்தூண் தேடுவோரும், அது எந்த வீட்டைப் பிரித்து வந்தது என்று கேட்டறிந்த பின்னரே வாங்குவார்களாக.