குளிசை குடிக்கும் உளவளத்துணையாளர்

நாவலப்பிட்டியில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். மனச்சோர்வுக்கு நானும் குளிசை எடுப்பதைப் பல வருடங்கள் மறைத்தேன். தெரிந்தால் என்னை நோயாளியாக மட்டுமே பார்ப்பார்கள் என்ற பயம்.

அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், தனக்கு இருமுனைய மனநோய் இருப்பதை 1995இல் நூலாகவே எழுதினார். தற்கொலை எண்ணத்தோடு போராடுவோருக்கான சிகிச்சை முறையொன்றை உருவாக்கிய மார்ஷா லினெஹான், 17 வயதில் தானும் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் பகிரங்கமாகச் சொன்னார். இருவரும் தொழிலை இழக்கவில்லை.

ஆனால் நோய் அனுபவம் மட்டும் தகுதியாகாது. பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும். என் கதை, எதிரில் இருப்பவரின் கதையை மூடிவிடக் கூடாது.

1977 கலவரத்தில் வன்னிக்குப் போய், போரில் மகனை இழந்து திரும்பிய அம்மா ஒருவர், "குளிசை குடிச்சா பைத்தியம்னு சொல்வாங்களே" என்றார்.

"நானும் குடிக்கிறேன்மா" என்றேன்.

அடுத்த கிழமையும் வந்தார்.