மறதி நோயும் ஓட்டைக் காலணாவும்

“இது எந்த ஊர்?” என மருத்துவர் வினவ, தாராவியில் ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் திருநெல்வேலி முதியவர் “பம்பாய்” என்று விடையிறுக்கிறார் எனக் கொள்வோம். அந்நகரின் பெயர் மும்பை என மாறியது 1995-ஆம் ஆண்டில்தான். இவ்விடையை நோயின் அறிகுறியாகக் கொள்வது முறையாகுமா?

முதுமை மறதி நோயில் மூளையின் உயிரணுக்கள் படிப்படியாக அழிகின்றன. இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோய் உள்ளதென 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனினும், நோய் முதிராத நிலையில் சிந்தனையைத் தூண்டும் பயிற்சியால் நன்மை உண்டென்பதை இங்கிலாந்தின் உளவியலறிஞர் ஏமி ஸ்பெக்டர் குழுவினர் 201 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம், ஏழு வாரங்களில் பதினான்கு அமர்வுகள். உணவு, இளமைப் பருவம், நாணயம், சொல் விளையாட்டு ஆகியன பேசப்படும் பொருள்களுட் சில. நினைவைச் சோதிப்பது நோக்கமன்று; கருத்துரைக்கச் செய்வதே நோக்கம்.

இம்முறையைத் தமிழர்க்கேற்ப அமைக்கும் பணியைச் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்டு, முன்னோட்ட ஆய்வை 2017-இல் வெளியிட்டது. பின்னர் பிரேசிலும் தான்சானியாவும் சேர்ந்த ஆய்விலும் பங்குகொண்டது.

சொற்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் முதல் நாளன்று நூறு நயா பைசாவாக மாறிற்று. இன்று எண்பது வயதானவர் அன்று பள்ளிச் சிறுவர். நடுவில் துளையுள்ள ஓட்டைக் காலணாவை அவர் கையில் வைத்தால், அதனைக் கொண்டு வாங்கித் தின்ற பண்டத்தைப் பற்றிப் பேச்சு எழக்கூடும். புதிய நோட்டுக்கு அவ்வாற்றல் ஏது?

மும்பையில் இம்முறையைக் கையாள்வோர்க்குச் சிக்கல் இன்னும் மிகுதி. மாட்டுங்காவின் பள்ளியிற் படித்தவருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் இன்பம் தரலாம். தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்து, எழுத்தறிய வாய்ப்பின்றிப் போனவரிடம் பென்சிலை நீட்டுவதோ அவமதிப்பாகும். அவருக்கு விடுகதையும் பல்லாங்குழியும் உரியவை. மேலும், பிற்காலத்திற் கற்ற இந்தியோ மராத்தியோ தாய்மொழிக்கு முன்னரே நழுவிவிடுவதுண்டு. செம்பூரில் பேரர்கள் இந்தியிலேயே பேசும் இல்லத்தில், தாத்தாவின் மௌனத்தை நோய் முற்றியதாக எண்ணிவிடுவது எளிது. தமிழறிந்த ஒருவர் வினவும்போது அவர் வாய் திறக்கலாம்.

களப்பணியாளர் முதலிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தைராய்டு குறை, பி12 ஊட்டச்சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியனவும் மறதி போலத் தோன்றும். அவை சிகிச்சைக்கு இணங்குவன. ஆதலின் குழுவிற் சேர்க்குமுன் மருத்துவப் பரிசோதனையும், செவிப்புலன் சோதனையும் இன்றியமையாதன.