கல்லீரலின் காவல் புரதம்: டெல்லி ஆய்வகம் சொல்வது என்ன?

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடத் தொடங்கியவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம் என்று மருந்து கொடுப்பவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் அந்த நாட்களில் கல்லீரலில் நடக்கிறது. அதே நோயாளி சாப்பிடும் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் வீரியம் குறையலாம். மற்ற மருந்துகளைக் கல்லீரல் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைக்கத் தொடங்குவதுதான் காரணம். அந்த வேகத்தை முடுக்கிவிடுவது பி.எக்ஸ்.ஆர். என்ற புரதம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு மருத்துவச் சிறப்பு மையத்தில் பேராசிரியர் ராகேஷ் தியாகியின் குழு நெடுங்காலமாக ஆராய்ந்துவந்தது இந்தப் புரதத்தைத்தான்.

பி.எக்ஸ்.ஆர்., உட்கரு ஏற்பிகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மனித உடலில் இவை 48 வகை. ஹார்மோனோ வைட்டமினோ பித்த அமிலமோ வந்து பொருந்தியதும், டி.என்.ஏ.வில் உரிய இடத்தில் அமர்ந்து மரபணுக்களை இயக்குவதும் அடக்குவதும் இவற்றின் வேலை. மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கிறது டமாக்சிஃபென். புராஸ்டேட் புற்றுநோயில் குறிவைக்கப்படுவது ஆன்ட்ரோஜன் ஏற்பி. கொழுப்புக் கல்லீரல் நோய்க்கும் மருந்து தேடுவோர் இந்தக் குடும்பத்திடமே வருகிறார்கள். அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சரோகிளிட்டசார், இந்தியாவில் 2020இல் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. 2024இல் அமெரிக்கா அனுமதித்த ரெஸ்மெட்டிரோமும் ஓர் உட்கரு ஏற்பியைத் தூண்டியே வேலை செய்கிறது.

பி.எக்ஸ்.ஆர். 1998இல்தான் அடையாளம் காணப்பட்டது. மற்ற ஏற்பிகளில் பல தத்தமக்குரிய பொருளை மட்டும் தேர்ந்து ஏற்கும். இதன் உட்குழிவோ அகலமானது, நெகிழ்வானது. வடிவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வேதிப்பொருள்களும் மூலிகைச் சத்துகளும் அதில் பொருந்திவிடும். அந்நியப் பொருள் வந்ததும் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கச் சொல்லும். அவற்றில் முக்கியமானது சைப் 3ஏ4. இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறக்குறைய பாதியைக் கையாள்வது இதுதான். நஞ்சிலிருந்து நம்மைக் காக்க உருவான ஏற்பாடு, மருந்தையும் நஞ்சாகவே பார்க்கிறது. புற்றுநோய்ச் செல்லில் இதே ஏற்பி விழித்துக்கொண்டால் கீமோதெரபி மருந்து வேலை செய்வதற்குள் சிதைந்துவிடக்கூடும். கல்லீரலில் அது ஓயாமல் தூண்டப்பட்டால் கொழுப்பு சேர்வதும் ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது.

டெல்லி குழுவின் பங்களிப்பில் என்னை மிகவும் கவர்வது 2005இல் வெளியான கண்டுபிடிப்பு. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் இறுகித் திரளும். மரபணுக்களை இயக்கும் புரதங்களில் பெரும்பாலானவை அப்போது டி.என்.ஏ.வை விட்டு விலகிவிடும் என்பதே நெடுங்கால நம்பிக்கை. பி.எக்ஸ்.ஆர். விலகவில்லை, திரண்ட குரோமோசோம்களோடு ஒட்டியே இருந்தது. ஹார்மோன் பொருந்திய ஆன்ட்ரோஜன் ஏற்பியும் அவ்வாறே ஒட்டுவதை 2008இல் இதே குழு காட்டியது. படித்த பக்கத்தில் செருகிவைத்த காகிதத் துண்டுபோல, எந்த மரபணு இயங்கிக்கொண்டிருந்தது என்ற குறிப்பைப் பிறக்கும் செல்களுக்கு இந்த ஏற்பிகள் கடத்துகின்றன என்பது அவர்களின் கருத்து. ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதே புற்றுநோய்ச் செல்லின் இயல்பு என்பதால், மருந்துக்கு மசியாத குணம் தலைமுறை தாண்டுவது எப்படி என்ற கேள்விக்கு இதில் ஒரு துப்பு இருக்கலாம். கல்லீரல் செல்களில் பி.எக்ஸ்.ஆர். எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், புற்றுநோயோடு தொடர்புடைய ஈ.டி.எஸ்-1 என்ற புரதத்துக்குப் பங்கிருப்பதையும் 2015இல் இவர்கள் எழுதினார்கள்.

ஒரு மருந்து பி.எக்ஸ்.ஆரைத் தூண்டுமா என்பதை எலியில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எலியின் பி.எக்ஸ்.ஆர். ரிஃபாம்பிசினைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மனிதருடையது உடனே எழுந்துவிடுகிறது. ஆகவே மனித ஏற்பியைத் தாங்கிய செல்களில் வைத்து ஒரு மருந்தின் குணத்தை அறிய வேண்டியிருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். மருத்துவர் எழுதிய மாத்திரையோடு கஷாயமும் லேகியமும் சேர்த்துச் சாப்பிடுவதும், அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதும் இங்கே சர்வசாதாரணம். இந்தச் சோதனைகள் இந்திய ஆய்வகங்களில், நம் மூலிகைகளையும் சேர்த்து, மருந்து சந்தைக்கு வரும் முன்பே நடந்தாக வேண்டும். மேலைநாட்டுப் பட்டியல்களில் நம் கஷாயங்களைத் தேடிக் காண முடியாது.

ஏற்பியின் குணம் தெரிந்தால் சிகிச்சையை அதற்கேற்பத் திருத்தலாம் என்பதற்கு எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து தாக்கியவர்களின் சிகிச்சையே சான்று. எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் வழக்கமாக ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் ஒருமுறை. ரிஃபாம்பிசினும் சாப்பிடுவோருக்கு அதே அளவு இருவேளை. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் பெருகிய நொதிகள் உடனே வடிந்துவிடுவதில்லை என்பதால், அந்த இரண்டாம் வேளை மாத்திரை மேலும் இரண்டு வாரம் தொடர்கிறது.