தந்தையாரின் கைக்கடிகாரம்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

வங்கிப் பெட்டகத்தைத் திறக்கும்போது நகைகளுக்கும் பத்திரங்களுக்கும் இடையே ஒரு பழைய கைக்கடிகாரம் கண்ணில் படுவது பல குடும்பங்களில் உண்டு. எங்கள் பெட்டகத்தில் இருந்தது என் தந்தையாரின் எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுத்தேன், ஓடியது. ஆனால் கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது, தோல்வார் நைந்திருந்தது, சாவிக் குமிழின் பற்கள் தேய்ந்து, விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. இம்மூன்றையும் நானே மாற்றுவது என முடிவு செய்தேன்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் உருவானது எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய ஜனதா, அதன் புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்று. 17 கற்கள் பதித்த அதன் இயந்திரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆகவே அசல் உதிரிபாகம் வேண்டுமெனில், பழைய இருப்பிலோ ஓடாத மற்றொரு கடிகாரத்திலோதான் தேட வேண்டும்.

நம் கைக்கு எட்டுபவை

வார் மாற்றுவது எளிது. வார் பொருந்தும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து வாங்க வேண்டும். வாரைத் தாங்கும் ஸ்பிரிங் ஊசிகளையும் உடன் மாற்றுவது நன்று. துருப்பிடித்த ஊசி புதிய வாரையும் கைவிட்டுவிடும்.

இத்தகைய பழைய கடிகாரங்களின் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனது. மேலோட்டமான கீறல்களை மெருகேற்றியே போக்கலாம். விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். விட்டத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை அளவிட வேண்டும். சற்றே சிறிதானாலும் தூசியும் ஈரமும் உள்ளே புகும். விளிம்பைச் சுற்றிப் பிடித்துச் சுருக்கும் கருவியின்றி இதில் இறங்க வேண்டாம்.

குமிழ் சற்றுக் கடினம். அது ஒரு மெல்லிய தண்டின் முனையில் திருகப்பட்டிருக்கும். பின்மூடியைத் திறந்து, தண்டை விடுவிக்க வேண்டும். சில இயந்திரங்களில் ஒரு சிறு புள்ளியை அழுத்தினால் போதும். சிலவற்றில் ஒரு திருகை ஓரிரு சுற்று தளர்த்த வேண்டும். நான் கூடுதலாகத் தளர்த்திவிட்டேன். டயலுக்கு அடியிலிருந்த நெம்பி இடம் பெயர்ந்தது. தண்டு மீண்டும் நிற்க மறுத்தது. இனி முட்களையும் டயலையும் கழற்றினால்தான் வழி. அங்கே கையை எடுத்துவிட்டேன்.

அனைத்தையும் ஒரு சிறு டப்பாவில் இட்டு, முதியவர் ஒருவரின் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன். அவர் நெம்பியை உரிய இடத்தில் அமர்த்திப் புதிய குமிழையும் பொருத்தித் தந்தார். பிறகு கேட்டார்: “பழைய குமிழை வைத்திருக்கிறீர்களா, ஐயா?”

அதனை முதல் நாளே குப்பைக் கூடையில் எறிந்திருந்தேன். வீடு திரும்பிக் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன், நல்வேளையாகக் கிடைத்தது. நாள்தோறும் காலையில் சாவி கொடுத்த என் தந்தையாரின் விரல்கள் தேய்த்த குமிழ் அது.

கை வைக்கக் கூடாதவை

தலைமுடிபோல் மெல்லிய ஹேர் ஸ்பிரிங், அது இயக்கும் பேலன்ஸ் சக்கரம், விசையைத் தேக்கும் மெயின் ஸ்பிரிங் ஆகியவற்றைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே முறை. தையல் இயந்திர எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒருபோதும் இடக்கூடாது. டயலுக்குப் புது வண்ணம் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். மங்கிய அசல் டயலையே சேகரிப்பாளர்கள் விரும்புவர். பூசிய பின் அதனை மீட்க இயலாது. மிகப் பழைய கடிகாரங்களில் இருளில் ஒளிரும் பூச்சு ரேடியம் கலந்ததாக இருக்கலாம். அதைச் சுரண்டுவது உடல்நலத்திற்குக் கேடு.

கழற்றும் ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வையுங்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் வேலை செய்யுங்கள். தெறித்த திருகு கண்ணில் படும். கழற்றிய பாகம் எதையும் எறியாதீர்கள்.

கடிகாரம் இப்போது என் மணிக்கட்டில் ஓடுகிறது. தேய்ந்த குமிழும் விரிசல் விழுந்த கண்ணாடியும், மாற்றிய தேதி எழுதிய ஒரு சிறிய உறையில், பெட்டகத்தில் அது இருந்த இடத்திலேயே இருக்கின்றன.